விற்ற காரில் பழுது வந்தால்: டெல்டாவில் முதன்முதலாகக் கார் விற்பவருக்கு

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் பக்கம் பழைய கார்கள் கை மாறத் தொடங்கும். அப்படி ஒரு பங்குனியில் என் மைத்துனர் தன்னுடைய 2013ஆம் ஆண்டு டீசல் காரை 2,60,000 ரூபாய்க்கு விற்றார். வாங்கியவர் பாபநாசம் பக்கத்து இளைஞர். அவருக்கு அதுதான் முதல் கார். பதினோராம் நாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. வலங்கைமானைத் தாண்டும்போது முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது, ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு) போய்விட்டதாக மெக்கானிக் சொல்கிறார், 28,000 ரூபாய் ஆகுமாம். அவர் சத்தம் போடவில்லை. "அண்ணே, நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

மைத்துனர் நேராக என்னிடம் வந்தார். "அத்தான், விற்றது விற்றதுதானே? நான் ஏன் கொடுக்க வேண்டும்?"

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இந்தக் கேள்வியோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கேட்ட மூன்று கேள்விகளையே மைத்துனரிடமும் கேட்டேன். வாங்க வந்தவர் உங்களிடம் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? விற்ற அன்று வண்டியைப் பற்றி உங்களுக்கு என்னென்ன தெரியும்? முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்தது. மூன்றாவதற்கு அவர் தரையைப் பார்த்தார்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்கும் ஒருவரின் பொறுப்பு இந்த மூன்று கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. வண்டி பழுதானதற்காக நீங்கள் பொறுப்பாளி ஆவதில்லை. நீங்கள் சொன்ன சொல்லுக்கும், தெரிந்தே மூடி மறைத்ததற்கும் பொறுப்பாளி ஆகிறீர்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

சட்டம் சொல்வது

இந்தியாவில் பொருள் விற்பனைக்கு 1930ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அதன் 16ஆவது பிரிவு, விற்கும் பொருளின் தரத்துக்கு எழுதாமலே, சொல்லாமலே ஓர் உறுதி இருப்பதாகக் கொள்ள முடியாது என்றுதான் தொடங்குகிறது. அதற்கு முக்கியமான விலக்கு, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர். பழைய கார் வாங்கி விற்கும் கடைக்காரர் அந்த விலக்குக்குள் வருவார். வீட்டுக் காரை விற்கும் ஆசிரியரோ விவசாயியோ வரமாட்டார். வாங்குபவர் கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும் என்பதே தனியாள் விற்பனையின் பொது விதி.

இவ்வளவோடு முடிந்திருந்தால் மைத்துனர் சொன்னது சரியாகியிருக்கும். ஆனால் இன்னொரு சட்டமும் இருக்கிறது: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 17ஆவது பிரிவு, மோசடி என்றால் என்ன என்பதைச் சொல்கிறது. உண்மை இல்லை என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொல்வது மோசடி. தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பதும் மோசடி. சும்மா பேசாமல் இருந்தால்? அதற்கு அந்தச் சட்டமே உதாரணம் தருகிறது, ஒரு குதிரையை வைத்து. குதிரைக்கு நோய் என்று உரிமையாளருக்குத் தெரியும், ஏலத்தில் விற்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய சொந்த மகள் என்றால், சொல்லவேண்டிய கடமை அவருக்கு உண்டு. மூன்றாவது உதாரணம்தான் கார் விற்பவர் எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டியது. வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். விற்பவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

குதிரை இருந்த இடத்தில் உம்பளச்சேரி மாட்டை வைத்துப் பாருங்கள், நம் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலைக்கு வாங்குகிற மாட்டைச் சந்தையில் பல்லையும் சுழியையும் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. பார்க்காமல் வாங்கியவன் வீட்டுக்குப் போனபின் சண்டைக்கு வந்தால் ஊர் ஏற்காது. ஆனால் "முட்டுமா?" என்று கேட்டபோது "குழந்தை மாதிரி" என்று சொல்லி முட்டுகிற மாட்டைக் கொடுத்தவனையும் ஊர் மன்னிக்காது. சட்டமும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

வாங்குபவருக்கு மோசடி நடந்தது என்று நிரூபணமானால் அவர் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம், அல்லது வண்டியை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்கலாம். ஒரு நுணுக்கமும் உண்டு. வெறும் மௌனமோ தவறான தகவலோதான் குறை என்றால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அவருக்குக் கிடைக்காது. அதனால்தான் வாங்குபவரை மெக்கானிக்கோடு வரச் சொல்வது அவருக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு உங்களுக்கும் நல்லது.

முதல் படி: உங்கள் வண்டியை நீங்கள் முதலில் அறிந்துகொள்ளுங்கள்

விற்பதற்கு ஒரு வாரம் முன்பு வண்டியை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விடுங்கள். ஸ்கேனர் போட்டுப் பார்த்து, லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்த்து, கண்டதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் பகுதி வண்டிகளுக்கு என்றே சில நோய்கள் உண்டு. நகரத்து ஆள் எழுதும் அறிவுரைகளில் அவை இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடற்கரையை ஒட்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் நின்ற வண்டியில் மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே துரு தின்றிருக்கும். சைலன்சர் பிடிக்கும் கொக்கி, பிரேக் குழாய், கதவின் அடி விளிம்பு, சஸ்பென்ஷன் இணையும் இடங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று மட்டும் காரணம் அல்ல. கூலண்டுக்குப் பதிலாக வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் பலருக்கும் இருக்கிறது. கடலோரக் கிராமங்களில் அந்தத் தண்ணீரே உப்பு. உள்ளே படிவு கட்டி, ஓட்டை விழுந்து, ஒரு நாள் இன்ஜின் சூடேறி நிற்கும்.

வெள்ளம் அடுத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது இங்கே மரம் விழுந்து நசுங்கிய வண்டிகள், தண்ணீரில் நின்ற வண்டிகள் பல. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டி சுத்தம் செய்யப்பட்டு வேறு மாவட்டத்தில் விலை போகக்கூடியது. நீங்களே இரண்டாவது, மூன்றாவது உரிமையாளராக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே அப்படி ஒரு வண்டியை வைத்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மூழ்கிய வண்டியென்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி இருக்கும் குழி, தரை விரிப்புக்கு அடியில் போகும் வயர்கள், சீட்டின் தண்டவாளத் திருகுகள் ஆகியவையும் உண்மையைச் சொல்லும்.

எலியும் வைக்கோலும் டெல்டாவின் தனிச் சொத்து. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பும். இன்ஜினின் கதகதப்பில் அவை குடியேறினால் வயரிங் போகும். சில வயர்கள் பாதி கடிபட்டு, மாதங்கள் கழித்துத்தான் கோளாறு காட்டும். அதேபோல சாலையில் கதிரும் வைக்கோலும் பரப்பிப் போடும் நாட்களில் ஓட்டிய வண்டியின் அடியில் வைக்கோல் சுற்றிக்கொண்டு சக்கர அச்சின் ரப்பர் உறையைக் கிழிக்கும். சூடான சைலன்சரில் பட்டால் தீயே பிடிக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டி என்றால் இன்னொன்று. புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று அதில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். விற்றவர் கையில் இருந்தவரை எச்சரிக்கை விளக்கு எரிந்து எரிந்து அணைந்திருக்கும். வாங்கியவர் கையில் வண்டி வேகம் எடுக்காமல் நிற்கும். விளக்கு எரிந்தது உங்களுக்குத் தெரியும் என்றால் அது நீங்கள் சொல்லவேண்டிய விஷயம்.

கண்டதை எல்லாம் சரிசெய்துதான் விற்க வேண்டும் என்பது இல்லை. என் கருத்தில் பிரேக், ஸ்டீயரிங், டயர் மூன்றில் ஆபத்தான குறை இருந்தால் மட்டும் சரிசெய்துவிட்டு விற்க வேண்டும். அந்த வண்டியில் குழந்தைகள் ஏறுவார்கள். அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மற்றவற்றைச் சொல்லி, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: சொல்லும் சொல்லில் கவனம்

"நல்ல வண்டி", "நம்பி எடுக்கலாம்" என்பவை விற்பவரின் அபிப்பிராயம். அதை வைத்து ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுப்பது கடினம். "இன்ஜினைத் திறந்ததே இல்லை", "விபத்து ஆனதே இல்லை", "74,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது", "டைமிங் பெல்ட் போன வருடம் மாற்றினேன்" என்பவை வேறு. அவை சரிபார்க்கக் கூடிய தகவல்கள். அவற்றை நம்பி ஒருவர் பணம் கொடுத்தால் அவை ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். பொய்யானால் இழப்பீடு உங்கள் தலையில்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பர வரியும் குரல் பதிவும் இதில் அடக்கம். பேச்சு காற்றோடு போகும் காலம் போய்விட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "எனக்கு முன்பு வைத்திருந்தவர் காலத்தில் விபத்து நடந்ததா என்று எனக்குத் தெரியாது" என்று சொன்னவரை எந்த நீதிமன்றமும் குறைசொல்லாது. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைத் திருத்துவது இதில் எல்லாம் சேராது. ஏமாற்றும் நோக்கம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அது உரிமையியல் வழக்கோடு நிற்காமல், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்படி ஏமாற்றுதல் என்ற குற்ற வழக்காகவே மாறக்கூடும்.

மூன்றாம் படி: பார்க்க விடுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்

வாங்க வருபவர் தன் மெக்கானிக்கை அழைத்துவரட்டும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். வரும் முன்பே நீங்கள் சூடேற்றி வைத்தால் அதுவே சந்தேகம். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கட்டும். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். உரிமமும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும்.

பிறகு தாள். எங்கள் பக்கம் டெலிவரி நோட் என்று அச்சடித்த படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். "இன்று மணி இத்தனைக்குப் பின் நடக்கும் விபத்து, வழக்கு எல்லாவற்றுக்கும் வாங்குபவரே பொறுப்பு" என்று அதில் இருக்கும். அது வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. குறைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. நான் எழுதிக் கொடுக்கும் தாள் இப்படி இருக்கும்:

"பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண் கண்ட இந்தக் காரை இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன தொகைக்கு விற்று ஒப்படைத்தேன். ஓடிய தூரம் ஓடோமீட்டரில் இவ்வளவு காட்டுகிறது. எனக்குத் தெரிந்த குறைகள்: ஏ.சி. குளிர்ச்சி குறைவு, இடது முன்கதவு 2021இல் அடிபட்டுப் பெயிண்ட் அடிக்கப்பட்டது, ரேடியேட்டரில் மாதம் ஒருமுறை தண்ணீர் குறைகிறது. வாங்குபவர் தன் மெக்கானிக்கைக் கொண்டு வண்டியைச் சோதித்து, ஓட்டிப் பார்த்து, மேற்கண்ட குறைகளை அறிந்து, உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டார். இதற்குமேல் விற்பவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை."

இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. குறைகளை வாங்குபவரே தன் கையால் எழுதினால் இன்னும் நல்லது. சட்டம் தானாகச் சேர்க்கும் உறுதிகளை இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசி நீக்கிக்கொள்ள 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே "உள்ளது உள்ளபடி" என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு. தெரிந்து மறைத்த குறைக்கு மட்டும் அது கவசமாகாது. அந்தச் சொல்லை எழுதிவிட்டோம் என்ற தைரியத்தில் வாயை மூடிக்கொண்டவர்கள்தான் பிறகு மாட்டிக்கொண்டார்கள்.

பணம் வங்கி வழியாக வரட்டும். ரொக்கம் என்றால் ரசீது.

கடன் பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் மேல் பிறருக்கு உள்ள கடன் உரிமையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்றால், அது தரக்குறைவைப் போலப் பேச்சுவார்த்தைக்கு உரிய விஷயம் அல்ல. உங்கள் பொறுப்பு அங்கே முழுமையானது. தவணை முடிந்தும் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கும் வண்டிகள் ஏராளம். தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வாங்கி அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். அபராதச் சலான் பாக்கியையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

நான்காம் படி: பெயர் மாற்றம்

பழுதைப் பற்றிக் கவலைப்பட்டு வருகிற பலரும் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. இன்ஜின் பழுது உங்களை இருபது, முப்பதாயிரத்தில் விட்டுவிடும். பெயர் மாறாத வண்டி ஒருவர்மேல் மோதினால் இழப்பீடு லட்சங்களில் வரும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். விற்ற ஆண்டு 2007, விபத்து 2009, இடையில் வண்டி பல கை மாறியிருந்தது. ஆர்.சி. மட்டும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. இந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலையக் கூடாது என்பது அதன் நியாயம். அது சரியான நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் டெலிவரி நோட்டை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது பேரிடி.

அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் தகவல் கொடுக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். விற்பவருக்குப் படிவம் 29, பெயர் மாற்ற விண்ணப்பத்துக்குப் படிவம் 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு "அவரே மாற்றிக்கொள்வார்" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. விலையில் ஒரு சிறு தொகையை நிறுத்திவைத்து, பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டியதும் தருவது என்ற ஏற்பாடு வாங்குபவருக்குத்தான் வழக்கம். விற்பவரும் அப்படிக் கேட்கலாம்: பெயர் மாற்றத்துக்கு என்று ஐயாயிரம் அதிகம் வாங்கிவைத்து, மாறியதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் பகுதியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே இருக்கும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் பதிவான டி.என். 51 வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு விற்றாலும், அவர் காரைக்கால்காரர் என்றால் அது வெளிமாநில விற்பனை. படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். விற்பவருக்கு 45 நாட்கள் அவகாசம். காரைக்காலில் பதிவான பி.ஒய். 02 வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினாலும் அப்படியே. இங்கே சாலை வரியும் கட்ட வேண்டியிருக்கும். விலை குறைவு என்று காரைக்கால் வண்டியை வாங்கிப் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறவருக்கு விற்றால், ஆபத்து உங்கள் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு போய்விடும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு தானாகப் போகாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உரிமை கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி உங்களுடையது, அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். ஃபாஸ்டாகை மூடிவிடுங்கள்.

கடைக்காரரிடம் கொடுப்பதானால் 2023 ஏப்ரல் முதல் விதி மாறியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி பெற்ற பழைய கார் வியாபாரியிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாக ஆன்லைனில் தகவல் கொடுத்துவிட்டால், அதன்பின் வண்டிக்கான பொறுப்பு அவருடையது. அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், பெயர் மாறாமல் வண்டி எத்தனை கை மாறும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: போன் வந்தால்

முதலில், எடுங்கள். எண்ணைத் தடுத்து வைப்பவர்கள் மேல்தான் புகார் போகிறது. பணம் போட்டு ஏமாந்துவிட்டோமோ என்ற பயத்தில் இருப்பவரிடம் நீங்கள் பேசாமல் இருப்பது, அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கும்.

என்ன நடந்தது, எங்கே, எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் தருகிறேன் என்றோ தரமாட்டேன் என்றோ அந்தப் பேச்சிலேயே சொல்லாதீர்கள். வண்டியைப் பிரிப்பதற்கு முன்பு பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். இருவருக்கும் பொதுவான மெக்கானிக் ஒருவர் பார்க்கட்டும். கழற்றிய பாகங்களை வைத்திருக்கச் சொல்லுங்கள், படம் எடுங்கள். பழுது விற்பதற்கு முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்பதே வழக்கின் மையம். அதைக் கழற்றிய பாகம்தான் சொல்லும்.

பிறகு மூன்று கேள்விகளுக்குத் திரும்புங்கள். பேட்டரி செத்தது, கிளட்ச் தேய்ந்தது, டயர் வெடித்தது, பத்து வருட வண்டியில் ஏ.சி. கம்ப்ரஸர் நின்றது எல்லாம் வயதின் வேலை. நீங்கள் பொய் சொல்லாதவரை சட்டப்படி உங்களிடம் கேட்க ஒன்றும் இல்லை. புதிதாக ஓட்டக் கற்றவர் கிளட்சில் காலை வைத்தே ஓட்டி ஒரே மாதத்தில் தேய்த்துவிட்டு வருவதும் உண்டு. அங்கே அமைதியாக, உறுதியாக மறுக்கலாம். தெரிந்து சொல்லாமல் விட்டது என்றால், மறுக்காதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து தொகை பேசுங்கள்.

பேச்சு முறிந்தால் வாங்கியவருக்கு இருக்கும் வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியாள் தன் காரை ஒருமுறை விற்பது பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்குள் வராது. வியாபாரியிடம் வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை, ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. உங்கள் மேல் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான்; காலக்கெடு மூன்று ஆண்டுகள், மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து. காவல் நிலையத்துக்கு அழைத்தால் தாள்களோடு போங்கள். வெறும் பணத் தகராறைத் தீர்த்துவைப்பது காவல் நிலையத்தின் வேலை இல்லை. ஆனாலும் மரியாதையோடு போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

நான் முதலில் காட்டும் இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே மனு கொடுத்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதினால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இருபதாயிரம் ரூபாய்த் தகராறுக்கு ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கி அலைந்தவர்களின் கட்டுகளைச் சுமந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தொகை பெரிதாக இருந்தால் அல்லது குற்ற வழக்கு வந்தால் தாள்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

மைத்துனர் அன்று தரையைப் பார்த்தபடி கடைசியில் சொன்னார்: மார்கழியிலிருந்தே வாரம் ஒருமுறை ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த இளைஞர் "இன்ஜின் சூடேறுமா?" என்று கேட்டபோது "அப்படி எதுவும் வந்ததில்லை" என்றும் சொல்லியிருந்தார். குதிரை விற்றவரின் மௌனத்தைவிட இது மோசம், நேரடியான பதில். மறுநாள் நாங்கள் இருவரும் அந்த இளைஞரை மெக்கானிக் பட்டறையில் சந்தித்தோம். ரேடியேட்டரின் அடியில் பழைய ஒட்டு தெரிந்தது. அதே நேரம், முள் சிவப்புக்கு ஏறிய பிறகும் அந்த இளைஞர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியிருந்ததால்தான் ஹெட்டே வளைந்திருந்தது. அதை அவரும் ஒப்புக்கொண்டார். ரேடியேட்டரும் கேஸ்கட்டும் மைத்துனருடையது, ஹெட் வேலையில் பாதிப் பாதி என்று முடிவாயிற்று. மைத்துனர் 20,000 கொடுத்தார். "இந்தப் பழுது தொடர்பாக இனி ஒருவர்மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை" என்று நானே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பதினான்காம் நாள் இருவரும் ஒன்றாகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் 29ஐயும் 30ஐயும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.